திராட்சைக் கொடியில் பாக்டீரியா எதிர்ப்பு மரபணுவைச் சேர்ப்பது: சென்னையில் வேலை தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

திராட்சையில் மரபணு மாற்றம் செய்ய வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். மரபணுவைச் சுமந்துசெல்லும் டிஎன்ஏவான வெக்டரின் வரைபடம் தயாராக இருக்கும். மரபணுவைப் பிரதியெடுக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமருக்கு ஆர்டரும் கொடுத்திருப்பார்கள். மரபணுவை ஏற்றிச் செடியாக எழுப்ப வேண்டிய உருத்தெளியாத செல் கட்டியான கேலஸ் எங்கே என்று கேட்டால் பதில் வராது. நோயை எப்படி உண்டாக்கிப் பார்ப்பீர்கள் என்றால், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

இந்த வேலையில் எளிதான பகுதி மரபணுதான். அதைச் சில வாரங்களில் வெக்டரில் ஏற்றிவிடலாம். மாதக்கணக்கில் காக்க வைப்பது கேலஸ். முடிவை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிப்பது நோய்ச் சோதனை. ஆகவே கீழே உள்ள வரிசையில் மரபணு ஏழாவது இடத்தில்தான் வருகிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பூவிலிருந்து பழக்கப்பட்ட செடிவரை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மறுபடியும் பூவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

1. எந்த பாக்டீரியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

திராட்சையும் பாக்டீரியாவும் என்று தேடினால் கலிபோர்னியாவின் பியர்ஸ் நோய் பற்றிய கட்டுரைகள்தான் குவியும். சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா சைலம் எனப்படும் நீர்க்குழாய்க்குள் பெருகி, கொடியை வறண்டு சாகச் செய்யும் நோய் அது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் அதைப் பரப்புகின்றன. இந்தியத் திராட்சைத் தோட்டங்களில் அது நிலைகொண்ட நோய் அல்ல. அந்த பாக்டீரியாவை வெளிநாட்டிலிருந்து தருவித்துச் சென்னையில் சோதனை செய்வது உங்களால் ஆகிற காரியமும் அல்ல. சோதித்துப் பார்க்க முடியாத நோய்க்கு எதிர்ப்பை உருவாக்கி என்ன பயன்?

நம் தோட்டங்களில் இருப்பது பாக்டீரியா இலைப்புள்ளி நோய். காரணம் சாந்தோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த விட்டிகோலா வகை. 1972இல் இந்தியாவிலிருந்துதான் இது முதலில் விவரிக்கப்பட்டது. பிறகு 1998இல் பிரேசிலில் தென்பட்டது. நரம்புகளை ஒட்டிக் கோணல்மாணலான, நீர் கோத்த சிறு புள்ளிகள் தோன்றிக் கருக்கும். காம்பிலும் தண்டிலும் வெடிப்புப் புண் வரும். மழைத்துளியும் கவாத்துக் கத்தியும் நோயைக் கொடிக்குக் கொடி கொண்டுபோகும். தாம்சன் விதையில்லாத் திராட்சை இதற்கு எளிதில் இரையாகும்.

இன்னொன்று, தண்டில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் விட்டிஸ். இதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மரபணுவை ஏற்றப் பயன்படும் பாக்டீரியாவும் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவும் நெருங்கிய உறவு என்பதால், எது எங்கிருந்து வந்தது என்ற குழப்பம் கடைசிவரை தீராது. இந்த வழிகாட்டி இலைப்புள்ளி நோயை வைத்தே செல்கிறது. பியர்ஸ் நோய் ஆய்வுகளிலிருந்து மரபணு யோசனைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2. அனுமதிக்கான தாள்களை இப்போதே எழுதுங்கள்

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்தான் இந்த வேலைக்கு அடிப்படை. உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு முதல் படி. அதற்கு மேலே உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் மரபணு மாற்ற மறுஆய்வுக் குழு. செடியைச் சூழலில் விடும் கட்டத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. வயல் சோதனைக்கு மாநில அரசின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

பலர் செய்யும் தவறு, செடி கைக்கு வந்த பிறகு விண்ணப்பிப்பது. குழு கூடும் நாளுக்காகச் செடி வளராமல் காத்திருக்காது; சிறிய குடுவையில் வேர் சுற்றிச் சுற்றி வாடிவிடும். மாற்றம் செய்வது, நோய்க்கிருமியைக் கையாளுவது, பசுமைக்குடிலில் வைப்பது ஆகிய மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் விவரித்துவிடுங்கள்.

3. நோய்ச் சோதனையை நிலைப்படுத்துங்கள்

மரபணு மாற்றாத சாதாரணத் தாம்சன் செடிகளில் ஒவ்வொரு முறையும் தவறாமல் நோயை வரவழைக்க உங்களால் முடிய வேண்டும். அது முடியாதவரை, நோய் வராத மரபணு மாற்றச் செடி எதையும் நிரூபிக்காது. அன்று காற்று வறண்டிருந்ததால்கூட நோய் வராமல் போயிருக்கலாம்.

புள்ளி விழுந்த இலையிலிருந்து பாக்டீரியாவைப் பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாந்தோமோனாஸ் என்றாலே மஞ்சள் நிறக் காலனி என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. விட்டிகோலா வகையின் காலனிகள் பெரும்பாலும் வெண்மையாக, வழவழப்பாக இருக்கும். தட்டில் மஞ்சள் காலனியைத் தேடி எடுத்து, வெள்ளையைக் கழிவு என்று ஒதுக்குகிறவர்கள் இலை மேல் சும்மா வாழும் வேறொரு பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டிருப்பார்கள். எதை எடுத்தாலும் ஆரோக்கியமான இலையில் செலுத்தி, நோய் வந்து, அதிலிருந்து மீண்டும் அதே பாக்டீரியாவைப் பிரித்த பிறகே அதை உங்கள் கிருமி என்று எழுதி வையுங்கள்.

அளவும் முக்கியம். ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடி செல் உள்ள கரைசலைச் செலுத்தினால் நோய் உறுதியாக வரும். ஆனால் அந்த வெள்ளத்தில் நடுத்தரமான எதிர்ப்பு அடித்துக்கொண்டு போய்விடும். பத்து லட்சம், ஒரு கோடி அளவுகளிலும் சோதனையைப் பழகிக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

செலுத்திய பிறகு 25 முதல் 28 டிகிரி செல்சியஸில், ஈரம் குறையாமல், பாலிதீன் உறைக்குள் வையுங்கள். சென்னையில் வெளிக்காற்று ஈரமாக இருந்தாலும் ஏசி அறைக்குள் காற்று வறண்டிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உறையின் உள்பக்கத்தில் நீர்த்திவலை நிற்கிறதா என்று தினமும் பாருங்கள்.

கழிவு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்த பாக்டீரியா வேம்பையும் தாக்கும் என்று பதிவாகியிருக்கிறது. நம் வளாகங்களில் வேம்பு இல்லாத வாசல் எது?

4. பூங்கொத்துக்கு நாள் குறியுங்கள்

திராட்சையில் இலைத் துண்டிலிருந்தோ தண்டிலிருந்தோ மாற்றப்பட்ட செடியை எழுப்புவது கடினம். மகரந்தப்பையிலிருந்து கரு உண்டாக்கும் கேலஸை வளர்த்து, அதற்குள் மரபணுவை ஏற்றுவதுதான் பரவலாக நம்பப்படும் வழி. விதையிலிருந்து தொடங்காதீர்கள். திராட்சை விதையில் பிறக்கும் செடி தாய்க்கொடியின் ரகமாக இருக்காது. எல்லாம் முடிந்த பிறகு உங்கள் கையில் இருப்பது தாம்சனும் அல்ல, பன்னீரும் அல்ல.

மகரந்தப்பை என்றதும் ஒற்றைக் குரோமோசோம் தொகுதிச் செடி வந்துவிடுமோ என்ற பயம் வரும். திராட்சையில் கேலஸ் பெரும்பாலும் மகரந்தத் தூளிலிருந்து வருவதில்லை. மகரந்தப்பைச் சுவரிலிருந்தும், அது காம்போடு சேரும் இடத்திலிருந்தும் வருகிறது. தாய்க்கொடியின் முழு 38 குரோமோசோம்களும் அதில் இருக்கும்.

இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. குளிர்நாடுகளில் கொடி ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயி கவாத்து செய்யும் நாளைப் பொறுத்துப் பூ வருகிறது. ஒரே ஊரில் வெவ்வேறு தோட்டங்களில் வெவ்வேறு மாதங்களில் பூ கிடைக்கும். தோட்டத்துக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது கவாத்து தேதியை. ஏறக்குறைய நான்காவது வாரத்திலிருந்து மொட்டைப் பார்க்கத் தொடங்குங்கள். பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு, “ஐயா, பூ விரிவதற்கு இரண்டு வாரம் முன்னால் எங்களுக்கு நாலு கொத்து வேண்டும்” என்று சொன்னால் அவருக்கு அது புதிதாக இருக்கும். அவர்கள் பார்ப்பது பிஞ்சைத்தான். ஆகவே சரியான பருவத்து மொட்டின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி வையுங்கள். வெட்டும் நாளுக்கு முன்பே அந்தக் கொத்துகளுக்கு ஒரு நூலைக் கட்டி, மருந்து தெளிக்காமல் விடச் சொல்லுங்கள்.

கொத்தை ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் கட்டி கொத்தைத் தொடக் கூடாது. தொட்ட இடம் உறைந்து கருகிவிடும். இரவு பஸ்ஸில் ஏற்றினால் காலையில் கிளாம்பாக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். எப்படியும் மொட்டுகளை 4 டிகிரியில் மூன்று, நான்கு நாள் வைக்க வேண்டும். பெட்டி குளிர்ச்சியாக வந்திருந்தால் பயண இரவும் அந்தக் கணக்கில் சேரும்.

5. மகரந்தப்பையிலிருந்து கேலஸ்

மொட்டை 70 சதவீத ஆல்கஹாலில் அரை நிமிடம் முக்கி, பிறகு ஒரு சதவீதக் குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட் கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை கழுவுங்கள். கரைசலில் ஈரம் ஒட்டச் செய்யும் ட்வீன் திரவம் ஒரு சொட்டு சேர்க்காவிட்டால் மொட்டின் மேல் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, அதற்கடியில் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும்.

திராட்சைப் பூவின் இதழ்கள் ஒன்றாக ஒட்டித் தொப்பிபோல் மூடியிருக்கும். நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் தொப்பியைக் கழற்றினால் ஐந்து மகரந்தப்பைகள் தெரியும். கண்ணாடி போன்ற வெளிறிய பச்சையாக இருந்தால் சரியான பருவம். மஞ்சளாகிவிட்டால் தாமதம், அந்தக் கொத்தை விட்டுவிடுங்கள். ஐயமிருந்தால் ஒன்றை அசிட்டோகார்மின் சாயத்தில் நசுக்கிப் பாருங்கள். தூள்களில் ஒற்றை உட்கரு தெரிய வேண்டும். மகரந்தப்பையைக் காம்போடு சேர்த்து எடுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டால் கேலஸ் பிறக்கும் இடத்தையே கிள்ளி எறிந்ததாகிவிடும்.

நிட்ச் உப்புகளில், ஆறு சதவீதச் சர்க்கரையோடு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் 2,4-டி, 2 மில்லிகிராம் பிஏபி என்ற வளர்ச்சி ஹார்மோன்கள் சேர்த்த ஊடகம் நல்ல தொடக்கம். பிஎச் 5.8. இருட்டில், 25 டிகிரியில் வையுங்கள். ரகத்துக்கு ரகம் ஹார்மோன் விகிதம் மாறும் என்பதால் மூன்று, நான்கு விகிதங்களில் பிரித்து வைப்பது நல்லது.

இரண்டு மாதம் முதல் ஐந்து மாதம்வரை பொறுமை வேண்டும். முதலில் எழும்பும் கேலஸ் பார்ப்பதற்குச் செழிப்பாக, பஞ்சுபோல், நீர் கோத்து இருக்கும். அது பயன்படாது. அதன் ஓரத்தில் பிறகு மெல்ல எழும் வெளிர்மஞ்சள் நிற, ரவை ரவையான, தொட்டால் உதிரும் பகுதிதான் கரு உண்டாக்கும் கேலஸ். வேகமாக வளர்வதை மட்டும் மாற்றி மாற்றி வைத்து, இந்த மெதுவான பகுதியைக் குப்பையில் போட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் தவறு. ஊசிமுனை அளவு கிடைத்தாலும் தனியாகப் பிரித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

சென்னையில் கேலஸைக் கொல்பவை மூன்று. முதலாவது மின்தடை: விளக்குகள் யுபிஎஸ்ஸில் ஓட, ஏசி மட்டும் நின்றுபோனால் வளர்ப்பறை அடுப்பாகிவிடும். விளக்கையும் ஏசியையும் ஒரே இணைப்பில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே அணையும். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெருகும் நுண்பூச்சிகள். பூஞ்சை வித்துகளைச் சுமந்துகொண்டு தட்டுக்குத் தட்டு நடக்கும். மூன்றாவது எறும்பு. ஆறு சதவீதச் சர்க்கரைக்கு அது எந்த மூடியின் இடுக்கிலும் நுழையும். தட்டுகளைப் பாராஃபிலிமால் இரட்டைச் சுற்றாகக் கட்டுங்கள். அலமாரிக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் சமையலறை உத்தி இங்கேயும் பலிக்கும். ஒரே கேலஸை இரண்டு வெவ்வேறு அறைகளில் பிரித்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

6. கொல்லும் அளவைக் கண்டுபிடியுங்கள்

நம் மரபணுவோடு ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணு ஒன்றும் சேர்ந்தே ஏறும். ஆகவே மரபணு ஏறாத செல்களைக் கானமைசின் அல்லது ஹைக்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொண்டு கொல்லப் போகிறோம். எவ்வளவு போட்டால் சாகும் என்பதை உங்கள் கேலஸிலேயே அளந்து பாருங்கள். கானமைசினுக்கு லிட்டருக்கு 0, 25, 50, 75, 100 மில்லிகிராம் என்றும், ஹைக்ரோமைசினுக்கு 0, 5, 10, 15, 25 என்றும் வைத்து ஆறு வாரம் கவனித்தால் போதும். கட்டுரையில் கண்ட எண்ணை அப்படியே எடுத்தால், குறைவாக இருந்து எல்லாம் தப்பிப் பிழைக்கும். அல்லது மிகுதியாக இருந்து, மரபணு ஏறியதும் சேர்ந்து மடியும். இரண்டிலும் மாதங்கள் வீண்.

7. இப்போது மரபணு

தேர்வுக்கு ஒரே ஒரு கேள்வி: பாக்டீரியா செடியின் எந்த இடத்தில் வாழ்கிறது? சைலெல்லா நீர்க்குழாய்க்குள் வாழ்கிறது. விட்டிகோலா இலைச் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வாழ்கிறது. இரண்டுமே செல்லுக்கு வெளியேதான். ஆகவே பாக்டீரியாவைத் தாக்கும் புரதத்தை உருவாக்கினால், அதைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் தலைப்பகுதி அந்தப் புரதத்தின் முன்னால் கட்டாயம் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் புரதம் செல்லுக்குள் குவியும், பாக்டீரியா வெளியே நிம்மதியாகப் பெருகும். ஆர்என்ஏ அளவு அபாரமாக இருந்தும் எதிர்ப்பு இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பலரின் சிக்கல் இதுதான்.

முன்னோர் நடந்த வழிகள் சில. பேரிக்காயின் பிஜிஐபி என்ற புரதம், செல்சுவரைக் கரைக்கும் பாக்டீரியா நொதியைத் தடுக்கும். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தாம்சன், சார்டனே ரகங்களில் இதை ஏற்றி, 2005இல் வெளியிட்டார்கள். பியர்ஸ் நோய் தாமதமானது. வேர்ச்செடியில் உண்டான அந்தப் புரதம் ஒட்டைத் தாண்டி மேலே உள்ள சாதாரணக் குச்சியிலும் காணப்பட்டது. அதே இடத்தில் 2012இல், பாக்டீரியாவின் மேற்பரப்பைப் பிடிக்கும் ஒரு புரதத்தையும், சவ்வைத் துளைக்கும் செக்ரோபினையும் ஒன்றாக இணைத்து ஏற்றினார்கள். மகாய்னின் வகைப் பெப்டைடு (சிறு புரதம்) ஏற்றிய சார்டனேயில் கழலை நோய் குறைந்தது.

விட்டிகோலாவுக்கு நான் செக்ரோபின், மகாய்னின் போன்ற பெப்டைடுகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணம் நேரடியானது: செயற்கையாகச் செய்த பெப்டைடை வாங்கி, உங்கள் கிருமி வளரும் தட்டில் விட்டு, அது சாகிறதா என்று ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். சாகாவிட்டால் ஓராண்டு வேலை மிச்சம். பிஜிஐபிக்கும் அப்படி ஒரு முன்சோதனை உண்டு. உங்கள் கிருமியின் நொதியை அந்தப் புரதம் தடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லாப் பாக்டீரியாவின் நொதிக்கும் அது பூட்டுப் போடாது.

வெக்டர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பி-கேம்பியா வரிசை போதும். அதைச் செடிக்குள் கடத்தும் அக்ரோபாக்டீரியத்தில் இஎச்ஏ105 வகை திராட்சையில் நன்றாக வேலை செய்யும். ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் மரபணுவையும் சேர்த்தால், எந்தக் கட்டியில் ஏறியிருக்கிறது என்று உயிரோடேயே பார்க்கலாம். அக்ரோபாக்டீரியத்துக்குள் போன பிறகு பிளாஸ்மிடை, அதாவது வெக்டரின் வளைய டிஎன்ஏவைத் திரும்ப எடுத்து வரிசை படித்து உறுதி செய்யுங்கள். ஈ.கோலையில் சரியாக இருந்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

8. கூட்டு வளர்ப்பு

கேலஸைப் புது ஊடகத்துக்கு மாற்றி ஏழு முதல் பத்து நாளில், அது சுறுசுறுப்பாகப் பிரியும்போது எடுங்கள். அக்ரோபாக்டீரியக் கரைசலின் கலங்கல் அளவான ஓ.டி. 0.3 முதல் 0.6 வரை இருக்கட்டும். மரபணுக் கடத்தலைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோன் 100 மைக்ரோமோலார். பத்து முதல் முப்பது நிமிடம் ஊறியதும் வடிகட்டும் தாளில் ஒற்றி, ஈரத்தை நன்றாக எடுத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் பாக்டீரியா கேலஸை மூடி வளர்ந்துவிடும். பிறகு எந்த மருந்தும் கேட்காது.

இரண்டு, மூன்று நாள் இருட்டில் 22 டிகிரியில் வையுங்கள். இது சென்னைக்காரர்கள் அடிக்கோடிட வேண்டிய வரி. அக்ரோபாக்டீரியம் 28 டிகிரியில் செழித்து வளரும். ஆனால் மரபணுவைக் கடத்தும் நுண்குழல் அந்த வெப்பத்தில் சரியாக உருவாகாது. வளர்வதற்கு ஒரு வெப்பம், கடத்துவதற்கு வேறொரு வெப்பம். சாதாரண வளர்ப்பறையில் 27 டிகிரியில் விட்டுவிட்டு, ஏறவே இல்லை என்று மரபணுவின் மேல் பழி போடுகிறார்கள். குளிர்வசதி உள்ள சிறிய இன்குபேட்டர் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள்.

திராட்சை கேலஸ் இந்த பாக்டீரியாவைக் கண்டால் பழுப்பேறிக் கறுக்கும் இயல்புடையது. ஊடகத்தில் டிடிடி, பிவிபிபி போன்றவற்றைச் சேர்த்தால் கறுப்பு குறையும். கொஞ்சம் கறுப்பதைக் கண்டு மொத்தத்தையும் எறிந்துவிட வேண்டாம். கறுத்த கட்டியின் மேலிருந்தே பல நேரங்களில் புதிய வெள்ளைத் துகள் எழும்பும்.

9. வடிகட்டலும் கருவும்

அக்ரோபாக்டீரியத்தைக் கொல்லும் செஃபோடாக்சிம் கலந்த நீரில் கழுவி, லிட்டருக்கு 250 முதல் 500 மில்லிகிராம் செஃபோடாக்சிம் உள்ள ஊடகத்துக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் கானமைசின் வேண்டாம். செல் அப்போதுதான் அடி வாங்கி எழுந்திருக்கிறது. கானமைசினைத் தாங்கும் புரதத்தைச் செய்துகொள்ள அவகாசம் கொடுங்கள். பிறகு, ஆறாவது படியில் கண்ட அளவில் பாதி, அதன்பின் முழு அளவு. இந்த மருந்துகளை ஊடகம் ஆறிய பிறகு, வடிகட்டிச் சேர்க்க வேண்டும். செஃபோடாக்சிமை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் வைத்தால் வீரியம் போய்விடும்.

உயிர் பிழைத்து எழும் ஒவ்வொரு கட்டிக்கும் அன்றே ஓர் எண் கொடுங்கள். ஒரே கட்டியிலிருந்து இருபது செடி வந்தாலும் அது ஒரே நிகழ்வுதான். இருபது தனித்தனி மாற்றங்கள் அல்ல. இதை எழுதாமல் கலந்துவிட்டவர்கள், இருபது சகோதரச் செடிகளின் சராசரியை வைத்துக்கொண்டு முடிவு எழுதுகிறார்கள். குறைந்தது பத்துத் தனி நிகழ்வுகளாவது இல்லாமல் மேலே போகாதீர்கள். மரபணு குரோமோசோமில் எங்கே அமர்ந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் வேறுவிதமாக நடந்துகொள்ளும்.

ஹார்மோன் இல்லாத, கரித்தூள் சேர்த்த ஊடகத்துக்கு மாற்றினால் கருக்கள் தோன்றும்: முதலில் உருண்டை, பிறகு இதயவடிவம், கடைசியில் இரண்டு விதையிலைகள். ஒட்டிய இலை, கண்ணாடி போன்ற தடித்த தண்டு என்று விகாரமானவை நிறைய வரும். அவற்றுக்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

10. செடியாக்குவதும் வெளியே பழக்குவதும்

நன்றாக உருவான கரு முளைக்காமல் அப்படியே கிடக்கும். அது சாகவில்லை, உறக்கத்தில் இருக்கிறது. 4 டிகிரியில் சில வாரம் வைத்து, பாதி வலிமையில் எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) ஊடகத்துக்கு வெளிச்சத்தில் மாற்றினால் முளைக்கும். வேர் விட்டதும் குடுவையில் ஒரு நகல், மண்ணில் ஒரு நகல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு மாற்ற நவம்பர் கடைசி முதல் பிப்ரவரிவரை ஏற்ற காலம். கத்திரி வெயிலில் மாற்றினால், குடுவைக்குள் மெழுகுப் படலமே இல்லாமல் வளர்ந்த இலை ஒரே மதியத்தில் சுருண்டுவிடும். ஊடகத்தை வேரிலிருந்து முழுவதும் கழுவி எடுத்து, கிருமி நீக்கிய தென்னைநார்க் கழிவில் நட்டு, பாலிதீன் உறை போட்டு, பத்து நாளுக்குப் பிறகு உறையில் ஒவ்வொரு துளையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். உப்பு நீரை ஊற்றாதீர்கள். சென்னை ஆழ்துளைக் கிணற்று நீரில் இலை விளிம்பு கருகுவதை நோய் அறிகுறி என்று எண்ணிக் குழம்ப நேரிடும்.

11. மரபணு உள்ளே இருக்கிறதா?

டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் பட்டை தெரிந்துவிட்டது என்று கொண்டாடுவதற்கு முன் ஒரு கேள்வி: அந்தப் பட்டை செடியிலிருந்து வந்ததா, திசுவுக்குள் இன்னும் ஒளிந்திருக்கும் அக்ரோபாக்டீரியத்திலிருந்து வந்ததா? அது மாதக்கணக்கில் உள்ளே உயிரோடு இருக்கும். ஆகவே, கடத்தப்படும் பகுதிக்கு வெளியே, அக்ரோபாக்டீரியத்தில் மட்டும் உள்ள ஒரு விர் மரபணுவுக்கும் பிரைமர் போட்டு, அதே டிஎன்ஏவில் ஓட்டுங்கள். விர் பட்டை தெரிந்தால் அந்த மாதிரியின் முடிவு செல்லாது.

திராட்சை இலையில் பாலிஃபீனாலும் பிசினும் அதிகம். இளம் இலையை எடுத்து, டிஎன்ஏவைப் பிரிக்கும் சிடிஏபி கரைசலில் பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேருங்கள். டிஎன்ஏ பழுப்பாக வந்தால் பிசிஆர் ஓடாது. அதைக் கண்டு மரபணு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். திராட்சையின் சொந்த மரபணு ஒன்றையும் உடன் ஓட்டினால் இந்த ஐயம் தீரும்.

எத்தனை பிரதிகள் ஏறியிருக்கின்றன என்று சதர்ன் முறையிலோ டிஜிட்டல் பிசிஆரிலோ பாருங்கள். ஒன்றோ இரண்டோ இருப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பல பிரதிகள் ஏறினால் செடி அதை வாயடைக்கச் செய்துவிடுவது உண்டு. கடைசியாகப் புரதம் உண்டாகிறதா, அது வேலை செய்கிறதா என்பதையும் தனியாகச் சோதியுங்கள்.

12. எதிர்ப்பு இருக்கிறதா?

ஒப்பீட்டுக்குத் தோட்டத்துக் கொடியின் இலையை வைப்பது பெரிய பிழை. அதே கேலஸிலிருந்து, அதே காலத்தில், மரபணு ஏற்றாமல் எழுப்பிய செடிதான் சரியான இணை. வெற்று வெக்டர் ஏற்றிய செடியும் வேண்டும். திசு வளர்ப்பில் பிறந்த இளம் செடி தோட்டக் கொடியிலிருந்து பல வகைகளில் வேறுபடும். அந்த வேறுபாட்டை மரபணுவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

புள்ளிகளை மட்டும் எண்ணாதீர்கள். செலுத்திய அன்றும், இரண்டாம், நான்காம், ஏழாம் நாளிலும் இலை வட்டம் வெட்டி, அரைத்து, தொடர் நீர்ப்புச் செய்து, தட்டில் பரப்பி பாக்டீரியாவை எண்ணுங்கள். புள்ளி குறைந்தும் எண்ணிக்கை அப்படியே இருந்தால், அந்தச் செடி நோயைத் தாங்குகிறதே தவிர எதிர்க்கவில்லை. தோட்டத்தில் அது கிருமியைச் சுமந்துகொண்டு பக்கத்துக் கொடிக்குக் கொடுக்கும். விவசாயியின் பார்வையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

எந்தச் செடி எது என்று தெரியாதபடி எண்ணை மறைத்து, வேறொருவரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஓராண்டு உழைத்து வளர்த்தவரின் கண் தன் செடிக்குச் சாதகமாகவே பார்க்கும்.

13. மரபணுத் திருத்தம் செய்ய நினைப்போருக்கு

செடியின் சொந்த டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டிச் சிறு மாற்றம் செய்வதே எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகைத் திருத்தம். வெளி மரபணு எதுவும் இல்லாத அத்தகைய செடிகளுக்கு, 2022 மார்ச் 30 அன்று வெளியான மத்திய அரசு ஆணை 1989 விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. அந்த வழியில் இரண்டு நெல் ரகங்கள் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டன. இதைக் கேட்டுத் திராட்சையிலும் அப்படியே செய்யலாம் என்று கிளம்புகிறார்கள்.

நெல்லில் டிஎன்ஏவை வெட்டும் புரதமான கேஸ்9இன் மரபணுவைச் செடிக்குள் ஏற்றி, திருத்தம் முடிந்ததும் அடுத்த தலைமுறையில் அது இல்லாத நாற்றைப் பொறுக்கிவிடலாம். திராட்சையில் அடுத்த தலைமுறைக்குப் போனால் ரகமே கலைந்துவிடும். ஆகவே கேஸ்9 புரதத்தையும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் நேரடியாகச் சுவர் நீக்கிய செல்லுக்குள் செலுத்த வேண்டும். அல்லது வேலை முடிந்ததும் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியேறும் அமைப்பை வைக்க வேண்டும். இரண்டுமே கடினமான வேலை. மேலே சொன்ன கேலஸ் வழியில் ஒருமுறை முழுவதும் போய்வந்த பிறகு இதில் இறங்குங்கள். எந்த மரபணுவைத் திருத்துவது என்பதற்கு நெல்லின் ஸ்வீட் மரபணுக்களும் எலுமிச்சை இனத்தின் எல்ஓபி1 மரபணுவும் நல்ல முன்மாதிரிகள். சாந்தோமோனாஸ் தனக்குச் சாதகமாகத் தூண்டிவிடும் மரபணுக்கள் அவை.

14. கொடியைக் காப்பது

ஒவ்வொரு நிகழ்விலும் குடுவையில் மூன்று நகலாவது இருக்கட்டும், இரண்டு இடங்களில். பழத்தின் தரத்தைப் பார்க்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். சென்னைக் குடிலில் அதைச் சரியாக மதிப்பிடவும் முடியாது. தேனிப் பக்கம் கொண்டுபோவது வயல் சோதனை ஆகிவிடுவதால், முழு அனுமதி கிடைக்கும்வரை செடி குடிலைவிட்டு நகரக் கூடாது.

குடிலில் கவாத்து செய்யும் நாளில் வேலைக்கு வருபவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். திராட்சைக் குச்சி இரண்டு கண்ணோடு ஈர மண்ணில் விழுந்தாலே வேர் பிடிக்கும். நல்ல குச்சியாக இருக்கிறதே என்று யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போக வாய்ப்புண்டு. வெட்டிய குச்சிகளை எண்ணி, பையில் கட்டி, ஆட்டோகிளேவ் செய்து, அந்த எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே குடிலின் கதவைப் பூட்டுங்கள்.